கர்ப்பத்தில் நிறுத்திய பஃப்: காரைக்குடிப் பக்கத்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 26. தலைப்பிரசவம், 25 வாரக் கர்ப்பம். பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆஸ்துமா உண்டு. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டான புடசோனைடும் மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோட்டிராலும் கலந்த இன்ஹேலர் பஃப்பைக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இழுத்து, வருடக்கணக்காகத் தொந்தரவு இல்லாமல் இருந்தவர். தை மாதம் ஒரு விடியற்காலையில் கணவர் ஒரு பக்கமும் மாமியார் ஒரு பக்கமும் தாங்கிக்கொண்டு எங்கள் அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்தார்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு சொல், ஒரு மூச்சு. அப்புறம் இரண்டு சொல்.

பிழைத்துக்கொண்டார், பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகிச்சையில் புதுமை எதுவும் கிடையாது. எல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். பஃப் நின்றது எப்படி, யாரிடம் பேசிய பிறகு அது திரும்ப ஆரம்பித்தது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நின்ற கதை

திருமணமாகிச் சென்னையில் குடித்தனம். ஏழாவது வாரத்தில் கர்ப்பம் உறுதியானது. ஊரிலிருந்து மாமியார் போனில், "மாசமா இருக்கறப்ப கண்ட மருந்தையும் உள்ள விடாத" என்றிருக்கிறார். அதே வாரம் பஃப் வாங்கப் போன மருந்துக்கடையில், "இதுல ஸ்டீராய்டு இருக்கே, டாக்டரைக் கேட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டது சரியான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியை யாரும் டாக்டரிடம் கொண்டுபோகவில்லை. கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போன இடத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் கேட்டார்கள். மூச்சைப் பற்றிக் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அவருடைய பதிவு அட்டையை நான் புரட்டிப் பார்த்தபோது ஆஸ்துமா என்ற சொல்லே அதில் இல்லை.

நிறுத்திய முதல் சில வாரங்கள் ஒன்றும் ஆகவில்லை. இதுதான் ஆபத்தான இடம். இழுக்கும் ஸ்டீராய்டு மூச்சுக்குழாயின் அழற்சியை மெல்லத்தான் அடக்கும். நிறுத்தினால் அந்த அழற்சி மெல்லத்தான் திரும்பும். "நிறுத்தியும் நல்லாத்தானே இருக்கேன்" என்று தோன்றிவிடும். கர்ப்பத்தில் ஆஸ்துமா போகும் வழியும் ஒன்றல்ல. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்குக் குறைகிறது, மூன்றில் ஒரு பங்குக்குக் கூடுகிறது, மற்றவர்களுக்கு இருந்தபடியே இருக்கிறது. யார் எந்தப் பக்கம் போவார் என்று ஆரம்பத்தில் சொல்ல முடியாது. கூடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகுதான் கூடும்.

இவருக்கும் ஏறக்குறைய அப்படித்தான். ஐந்தாம் மாதத்தில் பின்னிரவு இருமல் தொடங்கியது. மாடி ஏறினால் இளைப்பு. "புள்ளை வளருது, மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று எல்லோரும் சொன்னார்கள். பாதி உண்மை. கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எந்த நோயும் இல்லாமலே மூச்சு வாங்கும். புரோஜெஸ்டிரோன் என்ற கர்ப்பகால ஹார்மோன் ஏறுவதால் ஒவ்வொரு மூச்சும் ஆழமாகிறது, அதை உடம்பு மூச்சுத் திணறலாக உணர்கிறது. ஆனால் அதில் இருமல் வராது, நெஞ்சில் விசில் கேட்காது, இரவு இரண்டு மணிக்கு அது ஆளை எழுப்பி உட்காரவைக்காது. இம்மூன்றும் இவருக்கு இருந்தன.

சமாளிக்க அவர் கண்ட வழி, அவசரத்துக்கு வைத்திருந்த சால்பியூட்டமால் பஃப். அதையும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் இழுத்திருக்கிறார்; வெளியே சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு. கைப்பையில் இரண்டு பஃப்பும் இருந்தன. தினமும் இழுக்க வேண்டியதன் பின்புறம் எண்காட்டியில் 87 என்று நின்றிருந்தது, ஏழாவது வாரத்தில் விட்ட இடம். சால்பியூட்டமால் டப்பாவில் 200 பஃப் இருக்கும். நான்கு மாதத்துக்குள் அப்படி மூன்று டப்பா காலி. ஒரு வருடத்துக்கு மூன்று டப்பா ஆனாலே கடுமையான தாக்குதலுக்கு வாய்ப்பு கூடுகிறது என்பது ஆஸ்துமாவில் நன்றாகத் தெரிந்த விஷயம். சால்பியூட்டமால் குழாயைச் சிறிது நேரம் விரித்துவிடும், அவ்வளவுதான். உள்ளே வீங்கிக் கிடப்பதை அது தொடுவதே இல்லை.

இத்தோடு ஊரிலிருந்து அனுப்பிய ஆடாதோடைக் கஷாயமும் இரவில் ஒரு டம்ளர். இருமலுக்கு ஆடாதோடை நம் ஊரில் காலங்காலமாகக் கொடுப்பது. மருந்துக்கடையில் விற்கும் ப்ரோம்ஹெக்சின் கூட அதிலுள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்து உருவானதுதான். ஆனால் அதே வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கவைக்கும் குணமும் உண்டு. ஆகவே கர்ப்பிணிக்கு ஆடாதோடை வேண்டாம். பாதுகாப்பானதை நிறுத்திவிட்டு, பாதுகாப்பு சந்தேகமானதைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனையும் பிள்ளையின் மேல் உள்ள அக்கறையால்.

வீடு திறந்தது

மாமனாரின் அறுபதாம் ஆண்டுச் சாந்திக்காகக் கானாடுகாத்தான் பக்கம் உள்ள பூர்வீக வீட்டைத் திறந்தார்கள். செட்டிநாட்டு வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் ஆத்தங்குடிக் கல்லையும் பர்மாத் தேக்குத் தூணையும் பார்ப்பார்கள். நெஞ்சுநோய் மருத்துவன் கண்ணில் படுவது வேறு. வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடந்த வீடு. பங்காளிகள் அறைகளில் மூட்டை கட்டிவைத்த ஜமுக்காளம், இலவம்பஞ்சு மெத்தை, தலையணை. மேல்மாடியில் புறா எச்சம், பின்கட்டில் வௌவால். மழைக்கு ஒழுகிய சுவரில் பூஞ்சை. விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னால் இத்தனையையும் தட்டி, உதறி, பெருக்கி, சுண்ணாம்பு அடிப்பார்கள். அந்த ஒரு வாரத் தூசியில் ஆஸ்துமாக்காரர் யார் இருந்தாலும் தாங்குவது கஷ்டம்.

இவரைச் சும்மா உட்கார்ந்திரு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்திருந்தது எங்கே? வளவை, அதாவது உள்முற்றத்தை, ஒட்டிய சன்னல் இல்லாத ஓர் அறையில், பரணிலிருந்து இறக்கிய மெத்தையின் மேல். வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டிலே சமையல், விறகடுப்பு. இருநூறு பேர் சமையலுக்கு மிளகாய் வற்றலும் மல்லியும் வறுத்த நெடி வீடு முழுக்க. மறுநாள் ஹோமப் புகை. சளியோடு வந்த ஒரு சின்னப் பையன் இவர் மடியிலேயே விளையாடிக்கொண்டிருந்திருக்கிறான். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இந்தச் சளிக்குத்தான் பங்கு அதிகம். கர்ப்பத்தில் வரும் ஆஸ்துமாத் தாக்குதலில் வைரஸ் சளியும், பஃப்பை நிறுத்தியதும்தான் முக்கியமான இரண்டு காரணங்கள். இங்கே இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

சாந்தி முடிந்த இரவு இழுப்பு கண்டது. அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் ஒருமுறை நெபுலைசர் வைத்து, ஒரு டெரிஃபிலின் ஊசி போட்டு, "கர்ப்பிணிக்கு ஸ்டீராய்டு தர மாட்டோம்" என்று அனுப்பிவிட்டார்கள். டெரிஃபிலின் நம் பக்கத்தில் வீசிங் என்றாலே கை தானாகப் போகும் ஊசி. படபடப்பும் வாந்தியும் தரும். சால்பியூட்டமாலுக்கு மேல் அது பெரிதாக எதையும் சாதிப்பதில்லை. தர வேண்டியிருந்தது அவர்கள் தர மறுத்த ஸ்டீராய்டு.

வந்தபோது

மூச்சு நிமிடத்துக்கு 32. நாடித்துடிப்பு 128. ஆக்சிஜன் செறிவு 92%. ஊதும் வேகம், அதாவது பலமாக ஊதும்போது காற்று வெளியேறும் வேகம் (பீக் ஃப்ளோ), நிமிடத்துக்கு 170 லிட்டர்; நன்றாக இருந்த காலத்தில் அவருடைய அளவு 380, ஆக பாதிக்கும் கீழே. இது ஒன்றை மட்டும் வைத்துக்கூடக் கடுமையான தாக்குதல் என்று சொல்லிவிடலாம். ஊதும் வேகம் கர்ப்பத்தால் குறிப்பிடும்படி குறையாது. அதனால் "மாசமா இருக்கிறதால குறைஞ்சிருக்கும்" என்று தள்ளிவிடவும் முடியாது.

தமனி ரத்தப் பரிசோதனை வந்தது. பி.எச். 7.35, கார்பன் டை ஆக்சைடு 38. பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, "சார், நார்மலா இருக்கு" என்றார். தாளில் அச்சடித்திருந்த இயல்பு வரம்பு 35 முதல் 45. அதன்படி அவர் சொன்னது சரி. ஆனால் அந்த வரம்பு கர்ப்பிணிக்கானது இல்லை.

கர்ப்பிணி எப்போதும் சற்று ஆழமாகவே மூச்சு விடுவதால் அவருடைய இயல்பான கார்பன் டை ஆக்சைடு 28 முதல் 32 வரைதான். நிமிடத்துக்கு 32 முறை இரைக்கும்போது அது இன்னும் கீழே போயிருக்க வேண்டும். இறங்க வேண்டியது ஏறி 38-இல் நிற்கிறது என்றால், மூச்சுத் தசைகள் களைத்துப்போய்க் காற்றை வெளியே தள்ள முடியாமல் ஆகிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் செயற்கைச் சுவாசக் கருவி வரை போயிருக்கலாம். சாதாரண ஆளுக்கே தாக்குதலின்போது 'நார்மல்' கார்பன் டை ஆக்சைடு கெட்ட சகுனம். கர்ப்பிணிக்கு 35-ஐத் தாண்டினாலே ஐ.சி.யூ.வில் இடம் பார்க்க வேண்டும்.

செய்தவை: செறிவு 94-க்கும் 98-க்கும் நடுவே நிற்கும்படி ஆக்சிஜன். முதல் ஒரு மணி நேரம் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சால்பியூட்டமாலும் இப்ராட்ரோப்பியமும் சேர்த்து நெபுலைசர், ஆக்சிஜனிலேயே ஓட்டி. ஸ்டீராய்டு: வாந்தி இருந்ததால் முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் நரம்பு வழி, வாந்தி நின்றதும் பிரட்னிசோலோன் 40 மில்லிகிராம் வாய் வழி. மெக்னீசியம் சல்பேட் 2 கிராம், இருபது நிமிடத்தில் சொட்டுச்சொட்டாக; ஜன்னி (வலிப்பு) கண்ட கர்ப்பிணிகளுக்கு மகப்பேறு மருத்துவர்கள் இதைவிட அதிக அளவிலேயே கொடுப்பார்கள், ஆகவே அதில் தயங்க ஒன்றுமில்லை. மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும் என்பதால் தலைமாட்டை உயர்த்தி, இடப்பக்கம் சாய்த்து. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு அதனால் போகும் கதிர்வீச்சு மிக மிகச் சொற்பம். நிமோனியா இல்லை, ஆகவே ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை.

மகப்பேறு மருத்துவர் பக்கத்திலேயே இருந்தார். பிள்ளையின் இதயத்துடிப்பு 152. தாய்க்கு 92% என்பது பார்வைக்குப் பெரிய குறைவாகத் தெரியாது. ஆனால் பிள்ளை எப்போதுமே குறைந்த ஆக்சிஜன் அழுத்தத்தில்தான் வாழ்கிறது. தாயிடம் கொஞ்சம் இறங்கினாலும் அங்கே சேமிப்பு கிடையாது. கட்டுப்பாடில்லாத ஆஸ்துமா குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, கர்ப்பகால ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. கட்டுக்குள் வைத்தால் இந்த ஆபத்துகள் பெருமளவு குறையும்.

மதியத்துக்குள் முழு வாக்கியம் பேசினார். மறுநாள் ஊதும் வேகம் 260. நான்காம் நாள் வார்டில் நடமாடினார்.

ஆச்சியிடம் பேசியது

நோயாளிக்கு அறிவுரை சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பஃப் வேண்டும் என்று தெரிந்துதானே குளியலறைக்குள் போய் இழுத்தார்? மருந்தைப் பற்றி அந்த வீட்டில் முடிவெடுப்பவர் மாமியார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் போய்ப் பேசினேன்.

"ஆச்சி, பஃப்பை நிறுத்தச் சொன்னது நீங்களா?"

"ஸ்டீராய்டுன்னு சொன்னாக டாக்டர். வயித்துப் புள்ளைக்கு ஆகாதுல்ல?"

"இந்த நாலு நாளா என்ன குடுத்திருக்கோம், தெரியுமா?"

தெரியாது என்று தலையசைத்தார். தாளில் எழுதிக் காட்டினேன். பஃப்பில் ஒரு நாளைக்குப் போகும் புடசோனைடு 400 மைக்ரோகிராம். கர்ப்பம் முழுவதும் 280 நாளும் விடாமல் இழுத்திருந்தால் மொத்தம் 112 மில்லிகிராம். இப்போது தினமும் கொடுக்கும் பிரட்னிசோலோன் 40 மில்லிகிராம். மூன்றாம் நாளே 120 ஆகிவிட்டது. இரண்டும் வேறு வேறு மருந்து, வீரியமும் வேறு, எடைக்கு எடை ஒப்பிடுவது மருத்துவக் கணக்கில் அவ்வளவு சரியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பஃப் நுரையீரலுக்குப் போகிறது, ரத்தத்தில் கலப்பது கொஞ்சம்; மாத்திரையோ உடம்பு முழுக்கப் போகிறது. ஆகவே உண்மையான வித்தியாசமும் அந்தத் திசையில்தான்.

ஆச்சி வட்டிக்கணக்கு தெரிந்தவர். தாளை வாங்கித் தாமே ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். "அப்ப கொஞ்சத்துக்குப் பயந்து நெறையக் குடுக்கும்படி ஆயிருச்சு" என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மாத்திரையும் கெடுதல் செய்யுமோ என்று அவர் பயந்துவிடக் கூடாதே என்று, நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி பிரட்னிசோலோனில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடும், பிள்ளைக்குப் போவது பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்றும் சொன்னேன். மொத்தம் ஏழு நாள் கொடுத்து நிறுத்தினோம். இந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றும் என்பதால், அந்தச் சமயத்தில் செய்ய வேண்டியிருந்த குளுக்கோஸ் பரிசோதனையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார் மகப்பேறு மருத்துவர்.

வீடு திரும்பும்போது கொடுத்தவை: பழைய பஃப்பே பழைய அளவில், ஸ்பேசர் (பஃப்பின் வாயில் பொருத்தும் குழாய் போன்ற டப்பா) வைத்து. கர்ப்பத்தில் புதிதாக ஒன்றுக்கு மாற்றுவதைவிட, ஏற்கெனவே பலன் தந்துகொண்டிருந்த மருந்தைத் தொடர்வதே நல்லது. புடசோனைடைப் பற்றிய அனுபவமும் நிறைய உண்டு. இழுக்கும் முறையைச் செய்துகாட்டச் சொன்னேன். குலுக்காமல் அழுத்தினார், அழுத்திய பிறகு இழுத்தார், உடனே மூச்சை விட்டார். பத்து வருடமாக இழுப்பவர்களிடமும் இந்த மூன்றும் சகஜம். குலுக்கு, ஸ்பேசரில் ஒரு அழுத்து, மெதுவாக ஆழமாக இழு, பத்து எண்ணும்வரை பிடி, முடிந்ததும் வாய் கொப்பளி. ஆச்சியையும் பக்கத்தில் நிற்கவைத்துத்தான் இதைச் சொல்லிக்கொடுத்தோம்.

ஊதும் கருவி ஒன்றும், தமிழில் எழுதிய ஒரு தாளும். 300-க்கு மேல் இருந்தால் வழக்கம்போல். 190-க்கும் 300-க்கும் நடுவே என்றால் சால்பியூட்டமால் எடுத்துக்கொண்டு அன்றே எங்களுக்குப் போன். 190-க்குக் கீழே போனாலோ, பேச்சு தடைப்பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ காத்திருக்காமல் 108. தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் பொறுப்பு ஆச்சிக்கு. படுக்கையை வளவு அறையிலிருந்து காற்றோட்டமான முகப்புப் பக்கம் மாற்றவும், பழைய மெத்தையைத் தூக்கிப் போடவும் அவரே ஏற்பாடு செய்தார். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடிக்கச் சொன்னோம். எதுக்களித்தால் இருமல் கூடும். உடம்பு தேறியதும் இன்ஃபுளுயன்சா தடுப்பூசி.

தாய்வீடு

வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்குத் தேவகோட்டையில் தாய்வீடு. அங்கே வேறு பெரியவர்கள், அதே பயம். ஆனால் இந்தமுறை எங்களுக்கு வேலை வைக்கவில்லை. பலகாரத் தட்டோடு ஸ்பேசரையும் அந்தத் தாளையும் கொண்டுபோய்ச் சம்பந்தியிடம் கொடுத்து, 112-க்கும் 120-க்கும் கணக்குச் சொல்லியிருக்கிறார் ஆச்சி. அந்த வீட்டுப் பாட்டி என்னிடம் வந்தபோது அந்தக் கணக்கைத்தான் ஒப்பித்தார்.

34-ஆம் வாரத்தில் ரத்த அழுத்தம் 146/94. கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்குப் பலரும் முதலில் எழுதுவது லேபெடலால். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாம். நிஃபெடிபின் கொடுத்தோம். இங்கேதான் பதிவு அட்டையில் ஆஸ்துமா என்று எழுதியிருப்பதன் அருமை தெரியும். அட்டையில் இல்லாவிட்டால் இரவுப்பணியில் இருப்பவர் எப்படி அறிவார்? அட்டையின் மேலேயே சிவப்பு மையில் மூன்று மருந்தை எழுதிவைத்தோம். லேபெடலால் வேண்டாம். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு ஏற்பட்டால் ப்ரோஸ்டோடின் என்ற பெயரில் போடும் கார்போப்ரோஸ்ட் வேண்டாம், அது நேரடியாக மூச்சுக்குழாயை இறுக்கும். ரத்த அழுத்தமும் சேர்ந்துவிட்டதால், அதை இன்னும் ஏற்றக்கூடிய மெத்தில் எர்கோமெட்ரினும் வேண்டாம். ரத்தப்போக்கை நிறுத்த ஆக்சிடோசின், மிசோப்ரோஸ்டால், டிரனெக்சாமிக் அமிலம் இவை போதும்.

37 வாரம் முடிந்ததும், ரத்த அழுத்தத்தை உத்தேசித்து டினோப்ரோஸ்டோன் ஜெல் வைத்து வலி வரவழைத்தார்கள். கார்போப்ரோஸ்ட்டைப் போல இதுவும் புரோஸ்டாகிளாண்டின் என்ற இனத்து மருந்துதான், ஆனால் வேறு வகை, ஆஸ்துமாவில் கொடுக்கலாம். வலியின் நடுவிலும் காலை, இரவுப் பஃப் தவறவில்லை. பிரசவ நேரத்தில் ஆஸ்துமாத் தாக்குதல் வருவது அரிது. உடம்பே அப்போது நிறைய ஸ்டீராய்டும் அட்ரினலினும் சுரக்கிறது. பிரசவத்தை ஒட்டி இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தவர்களுக்கு மட்டும் வலி நேரத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவைப்படும். இவர் ஏழு நாள் சாப்பிட்டதும் மூன்று மாதத்துக்கு முன்னால், ஆகவே வேண்டியிருக்கவில்லை. சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2.7 கிலோ.

வலிக்கு மாத்திரை எழுதுமுன் ஐபுபுரூஃபன் முன்பு ஒத்துக்கொண்டதா என்று கேட்டோம். ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் இழுப்பைக் கிளப்பும். முன்பே சாப்பிட்டிருக்கிறேன், ஒன்றும் செய்யவில்லை என்றார், கொடுத்தோம். தாய்ப்பாலுக்குப் பஃப் எந்தத் தடையும் இல்லை.

சாம்பிராணிதான் கடைசிப் பஞ்சாயத்து. பிள்ளை பெற்றவளுக்குத் தலைக்கு ஊற்றி, கூந்தலுக்கும் குழந்தைக்கும் சாம்பிராணி காட்டாமல் விடுவது தேவகோட்டைப் பாட்டிக்கு மனசு வரவில்லை. துண்டால் துவட்டி வெயிலில் காயவைத்தால் போதும் என்றேன். முற்றத்தில் வைத்துக் காட்டலாமா என்று பேரம் பேசினார். பிள்ளைக்கும் புகை ஆகாது, எங்கே வைத்தாலும் வேண்டாம் என்றதற்கு, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

பிரசவமாகி ஆறாவது வாரம் ஸ்பைரோமெட்ரி (நுரையீரலின் ஊதும் திறனை அளக்கும் சோதனை) செய்தோம், அளவு பழைய நிலைக்கு வந்திருந்தது. ரத்த அழுத்த மாத்திரை அதற்கு முன்பே நின்றுவிட்டது. பஃப்பின் அளவைக் குறைக்கலாமா என்று கணவர் கேட்டார். கைக்குழந்தையோடு தூக்கம் கெடும் மாதங்களில் வேண்டாம், மூன்று மாதம் இரவு இருமலே இல்லாமல் போகட்டும், அப்புறம் பார்ப்போம் என்று அதே அளவில் தொடரச் சொல்லி அனுப்பினேன்.